உப்பு பார்க்காத வெள்ளி

மார்ச் 9, 2025, ஞாயிறு

பூசை முடிந்ததும் ரயிலேறிப் பொன்னேரி மார்க்கெட் போய் மரவள்ளிக்கிழங்கு வாங்கி வந்தேன். கும்மிடிப்பூண்டியிலேயே கிடைக்கும்போது எதற்கு இந்த அலைச்சல் என்று அவர் கேட்டார். தின்கிற மனிதருக்கு என்ன தெரியும்? இதில் நல்ல கிழங்கும் உண்டு, மாவு மில்லுக்குப் போகிற கசப்புக் கிழங்கும் உண்டு. பொன்னேரி கடையம்மா ஒன்றை ஒடித்து, கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தராசில் வைப்பாள்.

மேல்தோலைச் சீவி, உள்ளே இருக்கிற ரோஸ் நிறத் தோலைக் கத்தியால் கீறி வளையம் வளையமாக உரித்தேன். நறுக்கி ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மூடாமல் வேக வைத்து, கொதித்த தண்ணீரையும் வடித்தேன். அப்புறம் புதுத் தண்ணீர், மஞ்சள், உப்பு. "குக்கர்ல போட்டு மூணு விசில் வுட்டா ஆவாதா?" என்கிறாள் மகள் மோனிகா. ஒன்பதாவது படிக்கிறாள், எல்லாவற்றுக்கும் குறுக்கு வழி. ஆவாதுடி. மூடினால் ஆவியோடு போக வேண்டியது உள்ளேயே தங்கிவிடும் என்றேன்.

தாளிப்பதற்கு முன் ஒரு துண்டு என் வாயில் போட்டுப் பார்ப்பேன். உப்புக்கும் அதுதான் சோதனை, கசப்புக்கும் அதுதான் சோதனை.

நாளைக்கு டப்பாவில் கட்டக் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொன்னார். "உன் கிழங்குன்னா குப்புராஜ் உயிர வுட்ருவான்." கம்பெனியில் இரண்டு பேருக்கும் ஒரே டப்பாதான். இவர் டப்பாவில் தின்பார், அவன் அதன் மூடியில் வாங்கித் தின்பான். அவன் பெண்டாட்டி கல்பனா சமைப்பதே இல்லையா என்று கேட்டால் சிரிக்கிறார்.

மார்ச் 13, வியாழன்

நாளை தபசுகால வெள்ளி. எனக்கும் மோனிகாவுக்கும் ஒருசந்தி. சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்து கஞ்சி குடிக்கும் வரை தண்ணீர் மட்டும்தான். அவரால் அது முடியாது. முலாம் பூசுகிற பிளேட்டிங் கம்பெனியில் நாள் பூராவும் ஆசிட் வாளி தூக்குகிற உடம்பு. ஆனால் கவிச்சி கூடாது. அதனால் கிழங்கு.

பொன்னேரி போக நேரமில்லை. பைபாஸ் ஓரம் ஒருத்தன் டெம்போவில் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தான். வாங்கிவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

முதல் ஷிப்ட் போய்விட்டார். வெந்த கிழங்கு முழுவதையும் டப்பாவில் அடைத்தேன், வீட்டில் தின்ன ஆளில்லையே. ஒருசந்தி என்பதால் உப்பு பார்க்கவில்லை. கை அளவுதான்.

"இன்னாடி, உப்பு கிப்பு கீதா?" என்று கேட்டார்.

"தின்னு பாத்துட்டு வந்து சொல்லுய்யா" என்றேன். மோனிகா பல் தேய்த்துக்கொண்டே சிரித்தாள்.

மார்ச் 18, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை அவரை அடக்கம் செய்தாயிற்று.

எழுதுகிறேன். எழுதாவிட்டால் யார் மண்டையிலாவது எதையாவது தூக்கிப் போட்டுவிடுவேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரி வாசலில் குப்புராஜ் என் காலருகே உட்கார்ந்து அழுதான். "அண்ணி, பம்ப்பு அடைச்சிக்கினு இருந்துச்சு. சாப்ட்டு கை கழுவுனதும் அண்ணன கழிவுத் தொட்டில எறக்குனாங்க. எறங்குன ஒடனே அப்படியே சாஞ்சிட்டாரு. கயிறு என் கையிலதான் இருந்துச்சு." இதைத்தான் சொன்னான். என் காதால் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்லறையில் கம்பெனி கான்ட்ராக்டர் வேறு மாதிரி சொல்கிறார். தொட்டியில் யாருமே இறங்கவில்லையாம். சாப்பிட்டதும் வாந்தி எடுத்து, தொட்டியோரம் விழுந்தாராம். "ஊட்லருந்து இன்னா சாப்பாடு எடுத்தாந்தாரு?" என்று என்னைக் கேட்கிறார். மண் போடுகிற நேரத்தில்! நான் கிழங்கு என்றேன். சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குப்புராஜ் பக்கத்தில்தான் நின்றான். தலையைத் தூக்கவே இல்லை.

மார்ச் 19, புதன்

டப்பாவைப் போலீஸ் எடுத்துக்கொண்டதாம். மூடியும் அதனோடுதான்.

மார்ச் 23, ஞாயிறு

தெரு முழுக்க இப்போது இஞ்சிக் கதை. கிழங்கு தின்றவர் கேன்டீனில் இஞ்சி டீ குடித்தாராம், இரண்டும் சேர்ந்தால் விஷமாம். அவர் டீ குடித்ததை யார் பார்த்தார்கள் என்று கேட்டால் ஒருத்தி இன்னொருத்தியைக் கை காட்டுகிறாள். நேற்று வரை என் வீட்டுக் குழம்பை வாங்கிப் போனவர்கள், கிண்ணத்தைத் திருப்பித் தரக்கூடப் பிள்ளையை அனுப்புகிறார்கள்.

என் நாத்தனார் ரோசம்மாள் முகத்துக்கு நேராகவே கேட்டாள். "ரோட்டோரம் விக்கிறத வாங்கித்தான் எந்தம்பிக்கு ஆக்கிப் போட்டியா?" வேறு யாராவது கேட்டிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி பேசியிருப்பேன். அவள் அவரைத் தூக்கி வளர்த்தவள். வாயை மூடிக்கொண்டேன்.

அதுகூடப் பரவாயில்லை. மோனிகா தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். ரசமும் சோறும்தான் போட்டிருந்தேன்.

"அம்மா, அன்னிக்கு நீ ருசி பாத்தியா?"

"இல்லடி. ஒருசந்தி."

சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த தெருதான். அங்கிருந்தே பள்ளிக்கூடம் போகிறாளாம்.

ஏப்ரல் 2, புதன்

பிரேதப் பரிசோதனையில் எடுத்தனுப்பிய குடலின் சோதனை முடிவு வந்தால் உண்மை தெரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையிலும் மண். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா நல்ல மாதிரி, உட்கார வைத்துத்தான் சொன்னார். பிளேட்டிங் வேலைக்குச் சயனைடு உப்பு போடுகிறார்களாம். அதில் ஆசிட் கலந்தால் கிளம்புகிற காற்று ஆளை நின்ற இடத்தில் சாய்த்துவிடுமாம். கசப்புக் கிழங்கில் இருக்கிற நஞ்சும் அதே சாதிதானாம். "உடம்புல அது இருக்குன்னு சொல்லலாம்மா. எங்கேர்ந்து வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்றது கஷ்டம்" என்றார்.

கிழங்குக்குப் பயந்து வடிக்கிற தண்ணீரில் என்ன இருக்கிறதோ, அதே எழவுதான் அவர் தினமும் நின்ற இடத்திலும் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. அவருக்காவது தெரிந்ததா? யாராவது சொன்னார்களா?

ஏப்ரல் 3, வியாழன்

வடித்தேனா?

ஊறப்போட்ட தண்ணியக் கொட்டுனேன். அது நெனப்பு இருக்கு. வெந்த தண்ணி? கரண்ட் போயிடுச்சு, இருட்டு, அவரு செருப்ப தேடிக்கினு இருந்தாரு, நான் டார்ச் புடிச்சேன் — அதுக்கு முன்னாடியா வடிச்சேன், அப்புறமா? வடிக்காம எப்படி இருப்பேன்? இத்தன வருஷமா கை தானா செய்யுற வேலை. ஆனா தானா செய்யுற வேலைதானே நெனப்புல நிக்கமாட்டேங்குது. ஒரே ஒரு துண்டு, ஆண்டவரே, ஒரே ஒரு துண்டு வாயில போட்டுத் துப்பியிருக்கக் கூடாதா? துப்பினா ஒருசந்தி முறிஞ்சிடுமா?

ஏப்ரல் 5, சனி

எனக்கு மூளை எங்கே போயிற்று! குப்புராஜ். அவன் மூடியில் வாங்கித் தின்றிருப்பானே. கிழங்கு என்றால் விடுவானா? அதே கிழங்கு, அதே நேரம். அவன் உயிரோடு நடமாடுகிறான்.

அவன் வாயைத் திறந்தால் போதும்.

ஏப்ரல் 9, புதன்

திருவள்ளூரில் அவர் சாவைப் பற்றி விசாரணை. பெஞ்சில் எனக்கு இரண்டு ஆள் தள்ளி குப்புராஜ் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை. என்னைப் பார்க்கவே இல்லை. கூப்பிட்டு, இறந்துபோன பாக்கியநாதனோடு நீயும் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள்.

"இல்ல சார். அன்னிக்கு எனக்கு வயிறு சரியில்ல. நான் சாப்பிடல."

"டேய், பொய் சொல்லாதடா" என்று கத்திவிட்டேன். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். ரயிலில் வரும்போது ஒரு நினைப்பு. உண்மையிலேயே அவன் அன்றைக்குச் சாப்பிடவில்லையென்றால்?

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஊரே ஒருசந்தி. நான் மட்டும் பழைய சோறு தின்றேன். ஏனென்று கேட்க வீட்டில் யாருமில்லை.

மே 4, ஞாயிறு

பைபாஸ் டெம்போக்காரன் மறுபடி வந்திருந்தான். வாங்கினேன். எல்லாம் முறைப்படி செய்து, நான் ஒருத்தியே உட்கார்ந்து தின்றேன். பிறகு இஞ்சி தட்டிப் போட்டு டீயும் குடித்தேன். சுவரில் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. ஏமாற்றமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். கிழங்கு கசக்கவும் இல்லை. ஆனால் இது அந்த லோடு இல்லையே. அந்தக் கிழங்கு எப்படி இருந்தது என்று இது எப்படிச் சொல்லும்?

மே 15, வியாழன்

இன்று குப்புராஜ் வீட்டுக்குப் போனேன். சண்டைக்குப் போகவில்லை. சண்டை போடத் தெம்பில்லை.

கல்பனா கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள். மாசமாக இருக்கிறாள். "அவரு ஊட்ல இல்ல அண்ணி" என்றாள். அவன் செருப்பு வாசலில் கிடந்தது. "இருக்கட்டும்மா. கேசுக்கு வரல. ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன்" என்றேன். உள்ளேயிருந்து அவனே வந்துவிட்டான். இளைத்துப்போயிருந்தான்.

"குப்புராஜ், நீ அங்க சொன்னத வுட்டுடு. யார் கிட்டயும் போய் சொல்லமாட்டேன். கிழங்கு கசந்துச்சா? அத மட்டும் சொல்லு. எனக்குத் தூக்கம் இல்லடா."

நின்றபடியே அழ ஆரம்பித்தான். கல்பனா உள்ளே போய்விட்டாள்.

"கசக்கல அண்ணி. எந்தலை மேல சத்தியமா கசக்கல. வெண்ணெய் மாதிரி வெந்திருந்துச்சு. ரெண்டாவது தபா நான்தான் மூடிய நீட்டுனேன். அண்ணன் பங்குல பாதிய எனக்கு வச்சாரு. உப்பு மட்டும் கம்மின்னாரு. 'ஊட்டுக்குப் போயி சொல்லணும்டா, தின்னு பாத்துட்டு வந்து சொல்லுய்யான்னு அனுப்பிச்சிகீறா'ன்னு சொல்லி சிரிச்சாரு. அப்போதான் சூப்பர்வைசர் வந்து கூப்டான்."

அன்றைக்குக் காலையில் என் வாயிலிருந்து வந்த அதே பேச்சு. இவனாகக் கட்டிச் சொல்ல முடியாத பேச்சு.

டீ எதுவும் குடிக்கவில்லையாம். குடிக்க நேரமே தரவில்லையாம்.

எவ்வளவு நேரம் அழுதேனோ. அப்புறம் கோபம் வந்தது, எனக்கு வராமல் இருக்குமா! "இத்தயே திருவள்ளூர்ல சொல்றதுக்கு இன்னாடா கேடு?" என்றேன். தொட்டியில் எறக்கினதைச் சொன்னால் வேலை போய்விடும், பக்கத்துக் கம்பெனி எதிலும் கேட்டுக்குள் விடமாட்டார்கள், கல்பனா இப்படி இருக்கும்போது நான் என்ன செய்வேன் என்றான். காலில் விழ வந்தான். தள்ளிவிட்டேன்.

"சரி. எவன்கிட்டயும் சொல்லாத. எம் பொண்ணுகிட்ட சொல்லு. அவ எங்கையால சோறு துன்னு ரெண்டு மாசம் ஆவுது."

அவன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

மே 18, ஞாயிறு

வருவான் என்று நினைக்கவில்லை. பூசை முடிந்து நான் ரோசம்மாள் வீட்டு வாசலைத் தாண்டும்போது அவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். மோனிகா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ரோசம்மாள் முறத்தோடு படியில்.

"பாப்பா, நானும் அந்தக் கிழங்க துன்னேன். உங்க அம்மா கிழங்கால உங்க நைனா சாவல" என்று ஆரம்பித்து எல்லாம் சொன்னான். தொட்டி, கயிறு, எல்லாம். உப்பு கம்மி என்ற இடம் வந்ததும் மோனிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்குப் பல் தேய்த்துக்கொண்டே சிரித்தவள் அவள்தானே. அந்தப் பேச்சைக் கேட்ட மூன்று பேரில் ஒருவர் மண்ணுக்குள் இருக்கிறார்.

ரோசம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இத நாலு பேரு முன்னாடி வந்து சொல்லுடா பாவி" என்று அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் விடுவித்துக்கொண்டு போய்விட்டான். என்னிடம் அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "உள்ள வா, வெயில்ல நிக்காத" என்றாள்.

மோனிகா பையைக் கட்டவில்லை. நான் தனியாகத்தான் வீடு திரும்பினேன்.

மே 21, புதன்

பள்ளிக்கூட லீவில் மோனிகா தூங்கிக்கொண்டே இருக்கிறாளாம். ரோசம்மாள் வந்து சொன்னாள். அவசரப்படுத்தாதே என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

விசாரணை முடிவு வந்துவிட்டது. வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவினால் நேர்ந்த இறப்பு என்று சந்தேகிக்கப்படுகிறதாம். அவ்வளவுதான். நானும் ரோசம்மாளும் குப்புராஜைத் தேடிப் போனோம். வீடு பூட்டியிருந்தது. கல்பனாவைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு, அவன் கம்பெனி ஷெட்டிலேயே தங்கிக்கொள்கிறானாம். அந்தத் தொட்டி வேலையை இப்போது அவன்தான் பார்க்கிறான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

எனக்கு அவனைத் திட்டக்கூட வரவில்லை. இறங்காதடா என்று யாராவது அவனிடம் சொன்னால் தேவலை.

ஜூன் 27, வெள்ளி

பொன்னேரி போய் வந்தேன். கடையம்மா விஷயம் கேள்விப்பட்டிருப்பாள் போல. ஒன்றை ஒடித்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தாள்.

கிழங்கைச் சீவிக்கொண்டிருக்கும்போது மோனிகா உள்ளே வந்தாள். பையைச் சுவரோரம் வைத்தாள். எதிரே உட்கார்ந்து கத்தியை எடுத்து, ரோஸ் தோலைக் கீறி உரிக்க ஆரம்பித்தாள். வளையம் முழுசாக வரவில்லை, பிய்ந்து பிய்ந்து வந்தது. நான் திருத்தவில்லை. ஊறப்போட்டோம், கொட்டினோம், திறந்து வேக வைத்தோம். வடிக்கும்போது துணியின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். ஆவி இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. மறுபடி புதுத் தண்ணீர் ஊற்றி மஞ்சளும் உப்பும் போட்டேன்.

வெந்ததும் கரண்டியில் ஒரு துண்டு எடுத்தேன். ஊதி ஆற்றி என் வாய்க்குக் கொண்டுபோகும்போது அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன்.

மென்றாள். முழுங்கினாள். இன்னும் கொஞ்ச நேரம் நாக்கை உள்ளே சுழற்றிப் பார்த்தாள்.

"உப்பு கம்மிம்மா" என்றாள்.

கொஞ்சம் அள்ளிப் போட்டேன்.