பதினொரு இடத்தில் ‘ள்’

வால்தம்ஸ்டோ,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பிள்ளை தர்மிகாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்காலைத் தவிர. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க முருகன் துணை. இங்கத்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் உன் கதையைப் பார்த்ததிலிருந்து எனக்கு வயிறு பற்றி எரிகிறது. நீ ‘அவள் வந்தாள்’ என்று எழுதியதை ‘அவன் வந்தான்’ ஆக்கி வைத்திருக்கிறார்கள், எண்ணினேன், பதினொரு இடத்தில் ‘ள்’ போய் ‘ன்’ நிற்கிறது. மலர் தொகுத்த ஜீவரத்தினம் அண்ணை எழுத்துப்பிழை திருத்தினாராம், அமெரிக்காவில் இருந்து உன் தமிழ் தேய்ந்துபோச்சுதாம். வகுப்பெடுத்து, ஆய்வேடு எழுதி, மிச்ச நேரத்தில் பஸ்ஸில் இருந்துகொண்டு தமிழில் கதை எழுதுகிறவளுக்கா தமிழ் தேய்ந்தது? உன் பேராசிரியர் கதையெல்லாம் பட்டம் வாங்கின பிறகு என்கிறார். இங்கே உள்ளவர்கள் கதை எழுது, ஆனால் உன்னைப் பற்றி எழுதாதே என்கிறார்கள். ஆளுக்கொரு துண்டு வெட்டினால் என் பிள்ளையில் மிச்சம் என்ன?

இனித் தமிழில் எழுதமாட்டேன் என்று நீ போனில் சொன்னபோது நான் வாய் திறக்கவில்லை. காரணத்தை இப்போது சொல்லுகிறேன். நேற்றுச் சங்க மண்டபத்துக்குப் போய் அண்ணையைக் கிழிகிழியென்று கிழித்தேன். அவர் நிதானமாக, “நீங்கள்தானே தங்கச்சி ஓம் எண்டு சொன்னியள்” என்றார். உண்மைதான். அச்சுக்குப் போக முதல் போன் எடுத்து, கதையில் அந்தப் பெண் விரும்புகிற ஆள் அவன்தானே என்று கேட்டார். சனத்தின் வாய்க்குப் பயந்து ஓம் என்றேன். அவர் மேல் இருந்த கோபம் முழுக்க என் மேல் திரும்பிவிட்டது. கொடுக்காமல் இருந்த நாற்பது மலரையும் திருத்தவென்று வீட்டுக்குத் தூக்கி வந்தேன். புத்தகம் பழுதாகப்போகுது என்று கத்தினார், பழுதாக்கினது நாங்கள் இரண்டு பேரும்தான் என்றேன். இன்று காலையிலிருந்து பேனையால் திருத்துகிறேன். அப்பா பக்கத்தில் இருந்துகொண்டு பக்கம் புரட்டித் தந்தார். ஒரு பிரதி இதோடு வருகிறது.

இன்னும் ஒன்று. ஏழு வருசமாக உன் அறைத்தோழியைக் கேட்டதாகச் சொல் என்றே எழுதி வந்தேன். அவளும் உன்னைப் போலக் கதையோடும் ஆய்வோடும் மாரடிக்கிறவள், மெக்சிக்கோ வம்சத்தில் அமெரிக்காவில் பிறந்து தன்னைச் சிக்கானா என்று நிமிர்ந்து சொல்லுகிறவள், உனக்கு யார் என்றும் எனக்குத் தெரியும். தெரிந்தும் பெயரை எழுதவில்லை. அதுவும் நான் செய்த திருத்தம்தான்.

உனக்கும் மரிசோலுக்கும் எங்கள் ஆசீர்வாதம். இரண்டு பேரும் தலைக்கு எண்ணெய் வையுங்கள். எழுதுவதை மட்டும் விடாதே. அடுத்த கதைக்கு யார் போன் எடுத்துக் கேட்டாலும் அவள்தான் என்று சொல்லுவேன்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா,
சிவரூபினி