இடுப்பில் கட்டிய சூடு

என் வாயாடிக்கு,

நீயும் அம்மாவும் சுகமா? ஊசி போட்ட இடத்தில் வலி விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன். ஃபோனில் பேசினால் அறையில் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

லேபில் என் விந்தணுவை ஊசியால் முட்டைக்குள்ளே செலுத்தியும் போன தடவை ஒரு முட்டைகூடக் கருவாகவில்லை. அடுத்த முறை பலிக்க வேண்டுமானால், மூன்று மாதம் எனக்கு இடுப்புக்குக் கீழே சூடே படக்கூடாது, விந்தணு கெடும் என்றாரே டாக்டர். நான் நிற்பதோ சலவைக்கூடத்து நீராவி மெஷின் முன்னால். வேலையை விட்டால் சிகிச்சைக்கு வழியில்லை. துணி மடிக்கும் பக்கம் மாற்றச் சொல்லி சூப்பர்வைசரிடம் போனேன். எல்லோர் முன்னாலும் காரணம் கேட்டார். "இடுப்பு வலிண்ணே" என்று சொல்லித் தொலைத்தேன்.

சிரிக்காதே. மறுநாள் தன்னுடைய சூட்டு பெல்ட்டைக் கொண்டுவந்து அவரே என் இடுப்பில் கட்டிவிட்டார். "வெக்கப்படாத தம்பி, சூடு நல்லா கீழ இறங்கணும்" என்றார். இடமும் மாறவில்லை, ஆவி பட்டால் வலிக்கு நல்லதாம். அடிக்கடி வந்து தொட்டுப் பார்க்கிறார். நல்ல மனுஷன், தட்ட முடியவில்லை.

பெல்ட் சூடும் கணக்கில் சேருமா என்று டாக்டரிடம் கேள். தளர்வான பருத்தி ஜட்டி இரண்டு அனுப்பு.

அம்மா உன்னைத்தான் குறை சொல்கிறாளாம், அக்கா சொன்னாள். குறை என்னிடம் என்று நீயே சொல்லிவிடு. போன வாரம் ஃபோனில் நானே ஆரம்பித்தேன். அம்மாவிடமும் இடுப்பு வலி என்றுதான் வாயில் வந்தது.

சூப்பர்வைசர் அண்ணன் பெல்ட்டைச் சூடாக்கிக்கொண்டு வருகிறார். நிறுத்துகிறேன்.

உன்னவன்