ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த பை

என் செல்லத் தங்கச்சி ஜெசிக்கு,

இன்று கல்லறைத் திருநாள். உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றினேன். காற்றில் மூன்று தடவை அணைந்தது. நாலாவது தடவையும் ஏற்றினேன். உன் அக்காவின் பொறுமைதான் உனக்குத் தெரியுமே.

எட்டு மாதம் ஆகிவிட்டது. குள்ளஞ்சாவடிக்கு முன்னால், முந்திரித் தோப்பு ஓரம், பட்டப்பகலில் மொபட் சறுக்கி விழுந்து நீ இறந்துபோனாயாம். போலீஸ் அப்படித்தான் எழுதியிருக்கிறது. மரணத்தில் சந்தேகம் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டால் கேஸை மூடிவிடுவார்கள். போன வாரமும் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"டீச்சரம்மா, போனவங்க திரும்பியா வரப்போறாங்க? கையெழுத்தப் போட்டுட்டு நிம்மதியா இருங்க."

"அவ பை எங்க இருந்தது சார்?"

"ஹேண்டில்பார்ல. எத்தனை தடவதான் கேப்பீங்க?"

வகுப்பில் சொல்வதுபோல் அவருக்கும் ஓர் உதாரணம் சொன்னேன். தராசில் ஒரு தட்டில் மட்டும் எடைக்கல் வைத்தால் என்ன ஆகும்? ஹேண்டில்பாரில் பை மாட்டினால் வண்டியும் அப்படித்தான் ஒரு பக்கம் இழுக்கும். நீ மொபட் பழகியபோது, நம் குடியிருப்பு பிளாக்கின் மைதானத்தில், ஹேண்டில்பாரில் மாட்டிய காய்கறிப் பையோடு விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாய். அதற்குப் பிறகு பையைத் தோளில் குறுக்காக மாட்டி, துப்பட்டாவால் இறுக்கிக் கட்டாமல் நீ வண்டியைக் கிளப்பியதே இல்லை. கீழே விழுந்தவளின் பை ஹேண்டில்பாருக்கு எப்படி ஏறியது? உள்ளே இருந்த நோட்டு எங்கே?

"இதெல்லாம் சாட்சி ஆகாதும்மா."

"கேள்வி ஆகும் சார். பதில் வர்ற வரைக்கும் கையெழுத்து கிடையாது."

நம் பக்கத்தில் நிருபர் வேலைக்கு வந்த முதல் பெண் நீ. கோலப்போட்டிக்குப் போகச் சொன்ன ஆசிரியரிடம், "கோலம் போடற கைதான் சார் பள்ளமும் தோண்டுது, அத எழுதறேன்" என்றாயே! அப்படித்தான் கூலித் தொழிலாளி முருகேசனின் சாவை விசாரிக்கப் போனாய். பள்ளம் தோண்டும்போது மண் சரிந்து செத்தவர், அன்று ஷிஃப்டுக்கே வரவில்லை என்று சாதித்தான் கான்ட்ராக்டர். கூட வேலை செய்தவர்கள் சொன்னதெல்லாம் அந்த நோட்டில்தான் இருந்தது.

இன்று கல்லறையில் நின்றுகொண்டிருந்தபோது முருகேசனின் மனைவி அஞ்சலை வந்தாள். பேப்பரில் பேர் மட்டும் வேண்டாம் என்று உன்னிடம் கெஞ்சியவள்தான். பின்னால், முருகேசனோடு வேலை செய்த இன்னும் நாலு பேர்.

"நோட்டு போனா என்ன டீச்சர், சொன்ன வாயி இருக்குதில்ல? அன்னிக்கு நான்தான் சோறு கட்டிக் குடுத்து அனுப்பனேன். அந்தாளு வூட்டுலயே இருந்தாருன்னு சொல்லிக்கினு திரியறானுங்க. எழுதிக்கங்க. எம் பேரையும் போடுங்க."

"பயமா இல்லயா அஞ்சலை?"

"இருக்குது. எழுதுங்க."

வீட்டுக்கு அழைத்து வந்து எழுதினேன். நீ செய்வதுபோலவே ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்கினேன். உன்னைக் கொன்றவர்கள் காகிதத்தைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். மனிதர்களை என்ன செய்வார்கள், ஜெசி?

நாளைக் காலை அஞ்சலையோடு கடலூர் கோர்ட்டுக்குப் போகிறேன். உன் சாவையும் முருகேசன் சாவையும் விசாரிக்கும்வரை போய்க்கொண்டே இருப்பேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. புது நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். பையைக் குறுக்காகத்தான் மாட்டிக்கொள்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மேரி அக்கா