தலைக்கு வருமானம், மாவுக்கு மூட்டை

தை 9, வெள்ளி
கடும் பனி. அறுப்பு மெஷின் பத்து மணிக்கு மேல்தான் வயலில் இறங்கியது. ஒரு மா நிலத்துக்கு ஒன்பது மூட்டை நெல். கதிர் வந்த நேரத்து மழை வேலையைக் காட்டிவிட்டது.
திருவையாற்றில் வாங்க: சாக்கு, சணல், மகள் கவிக்கு வெள்ளைத்தாள், கோழி. கோழி சகலைக்கு. என் மனைவி வசந்தாவின் தங்கை புருஷன் செந்தில் சிங்கப்பூரிலிருந்து வருகிறான். எனக்கு என்றால் ரசம்.

தை 10, சனி
கவிக்குக் கல்லூரியில் கொடுத்த வேலை: இந்தியா, சிங்கப்பூர், இரண்டின் தேசிய வருமானம், அன்று முதல் இன்று வரை. லேப்டாப்பில் காட்டினாள். (செந்தில் வாங்கித் தந்த லேப்டாப். எழுதாமல் இருக்க முடியவில்லை.)
மொத்தத்தில் நாம்தான் பெரிசு. சந்தோஷத்தில் இன்னொரு காபி.
"அப்பா, அது கூட்டத்தால வந்தது. தலைக்கு எவ்வளவுன்னு பாருங்க."
அடுத்த படம். இடது ஓரத்தில் இரண்டு கோடும் தரையோடு தரையாக. அப்புறம் அவர்களுடையது தென்னை மரம் ஏறுகிறது. நம்முடையது வரப்பில் நத்தை.
"நாமதான் வேகமா வளர்றோம்னு டிவில சொன்னானே?"
"சதவீதத்துல சரிதாம்ப்பா. ஆனா இடைவெளி கூடிக்கிட்டேதான் போவுது."
செந்திலும் நானும் பத்தாவது ஒரே பெஞ்ச். கணக்கில் நான் அவனைவிட இரண்டு மார்க் கூட. அந்த இரண்டு மார்க் எந்தப் படத்திலும் இல்லை.

தை 11, ஞாயிறு
செந்தில் வந்தாயிற்று. தெரு முழுக்க சென்ட் வாசனை. எனக்குக் கோடாலித் தைலம். வலி எங்கே என்று தெரிந்து வாங்கியிருக்கிறான்.
சாப்பிடும்போது கவி நோட்டும் கையுமாக. நாட்டுக்கு ஒரு ஆளிடம் வருமானம் கேட்டு எழுத வேண்டுமாம். முதலில் சித்தப்பா. சிரித்துக்கொண்டே, "ஏதோ ஓடுதும்மா" என்றான். அடுத்து நான். இந்தப் பக்கம் விளைச்சலை யாரும் உள்ளபடி சொல்வதில்லை. கண் பட்டுவிடும் என்று குறைத்துத்தான் சொல்வோம். எனக்கு என்ன வந்ததோ.
"மாவுக்குப் பதினாலு."
வசந்தாவின் கரண்டி அப்படியே நின்றது.
"பதினாலா! சந்தோஷம்ண்ணே. உங்களுக்கு நட்டம்னுதான் என் நெலத்துக்குக் குத்தகை நெல்லு கேக்காம இருந்தேன். இந்தத் தடவை குடுத்துருங்க. அம்மா சாப்பாட்டுக்கு ஆவும்."
பக்கத்து ஐந்து மா அவனுடையது, உழுவது நான்.
"அதுக்கென்ன தம்பி, ஆவட்டும்."
வாயா அது.

தை 12, திங்கள்
வசந்தா பேசியது ஒன்றுதான்: "ஏங்க, பொறாமைக்கு மாவுக்கு அஞ்சு மூட்டையா?"
குத்தகை அளந்தால் வீட்டு நெல் பங்குனியோடு சரி. விற்று கவிக்கு ஃபீஸ் கட்ட ஒன்றும் மிஞ்சாது. செந்திலிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். கவிக்கு அந்த ஊர்க் கதை சொல்லிக்கொண்டிருந்தான். கன்னத்தில் கை வைத்துக் கேட்கிறாள். நான் பேசி ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.
திரும்பி வந்து மாட்டுக்கு வைக்கோல் போட்டேன்.

தை 14, புதன்
வெயில். நெல் காய்கிறது. செந்தில் கிளம்பிவிட்டான். திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து போன்.
"அண்ணே, ஒம்போதுதானாமே. கவிப் பாப்பா சொல்லிருச்சு. குத்தகையெல்லாம் வேணாம், விடுங்க."
பிழைத்தேன் என்று விட்டிருக்கலாம். அந்த 'விடுங்க' தைத்தது. புயலுக்கு அப்புறம் பொட்டலம் போடுவார்களே, அந்தக் குரல்.
"அது எப்படி? குடுத்தே தீருவேன்."
"வேணாம்ண்ணே."
"பேச்சே கெடையாது."
இன்னொரு தடவை வேண்டாம் என்பான், நானும் மனசே இல்லாத மாதிரி சரி என்று விட்டுவிடலாம் என்றிருந்தேன். நம் பக்கம் மூன்று தடவையாவது மறுப்போம். அங்கேயே இருந்து அவனுக்கு அது மறந்துபோயிருக்கிறது.
"சரிண்ணே, உங்க இஷ்டம். அம்மா வீட்டுல எறக்கிடுங்க."
வைத்துவிட்டான்.
லோடு ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று. வாடகையும் நான்தான்.