ஓடாத பிலிம்

மூடியைத் திருகித் திறந்ததும் அதே வாசம் வந்தது. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் மருந்து. பழைய மைலோ டின்னில், பொத்தான்களுக்கும் நூல்கண்டுகளுக்கும் அடியில், இத்தனை வருடமாகக் கிடந்த சின்ன அலுமினிய டப்பி. உள்ளே அந்த பிலிம் ரோல், நாக்கை நீட்டிக்கொண்டு அப்படியே இருக்கிறது. ஒரு படம்கூட விழாத ரோல். உன் கைவேலை, வேறு யார்! ஸ்டூடியோக்காரரின் மருமகளாம், பெரிய மருமகள். வீட்டில் யாரும் இல்லை. உட்கார்ந்து வாய்விட்டே உன்னைத் திட்டினேன். திட்டி முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

முந்தாநாள் உன் மகள் டொராண்டோவிலிருந்து கூப்பிட்டாள். "அன்ரி, அம்மான்ர முப்பத்தோராம் நாளுக்கு மலர் அடிக்கிறம். இளமைக்காலப் படம் ஒண்டுமே எங்களிட்ட இல்லை" என்றாள். உங்கள் ஊர் வழக்கத்தை விடுதியில் நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். இறந்தவரின் படமும் வாழ்க்கையும் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் அடித்து, அந்த நாளில் வந்தவர்கள் கையில் கொடுப்பார்கள். அந்தப் புத்தகத்துக்குத்தான் பிள்ளை படம் தேடுகிறாள். ஊரில் வீடு எரிந்தபோது ஆல்பமும் சேர்ந்து எரிந்துவிட்டது. மிஞ்சியிருப்பதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்தவை.

"அதுகள் எல்லாத்திலயும் அம்மா நித்திரை கொள்ளுற மாதிரி இருக்கிறா அன்ரி" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்துவிட்டது. பிறகு சொன்னாள்: "டெல்லியில படிக்கேக்க எடுத்த படத்தில மட்டும் நான் கண்ணைத் திறந்துகொண்டு நிக்கிறன், அது அவளிட்டத்தான் இருக்கு எண்டு அம்மா சொன்னவ. தேடிப் பாருங்கோ அன்ரி."

எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாது. இல்லாத படத்தை இருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். பதில் சொல்ல வேண்டியவள் நான். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டு, இல்லை என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாளாக வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

கேமரா என்றாலே கண்ணை மூடிக்கொள்ளும் பெண்ணை உன்னைத் தவிர நான் கண்டதில்லை. எண்பதுகளின் தொடக்கம். நான் ஈப்போவிலிருந்தும் நீ யாழ்ப்பாணத்திலிருந்தும் டெல்லிக்குப் படிக்க வந்து, ஒரே விடுதி அறையில் மாட்டிக்கொண்டோம். முதல் நாள் காலையில் நான் மரியாதையாகத்தான் "பசியாறிட்டியா?" என்று கேட்டேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "காலம்பற சாப்பிட்டியே எண்டு கேட்டால் காணாதோ, பசி எல்லாம் என்னத்துக்கு ஆற வேணும்?" பிறகு மாதக்கணக்கில் உனக்கு அதே கேலி. உன் அடையாள அட்டையை அன்றுதான் பார்த்தேன். கண் இரண்டும் இறுக மூடி, தியானத்தில் இருக்கும் சாமியார் மாதிரி ஒரு முகம். "பிளாஷ் அடிக்க முதலே எனக்குத் தெரிஞ்சிடும், கண் தானாப் பூட்டிக்கொள்ளும்" என்று பெருமையாக வேறு சொன்னாய்.

உன் அம்மாவுக்கு மட்டும் அது பெருமையாக இல்லை. ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் அதையே எழுதுவார்: கண்ணைத் திறந்துகொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு பிள்ளை, உன்னைப் பார்க்க வேணும். நீ வாசித்துக் காட்டிச் சிரிப்பாய். அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் அப்படி வாசித்துவிட்டு நீ சிரிக்கவில்லை. ஊர் நிலைமை கெட்டுக்கொண்டு வந்தது. தாளை மடித்தபடியே சொன்னாய், "இந்த முறை அம்மாவுக்கு அனுப்பத்தான் வேணுமடி."

ஹரித்துவார் போகலாம் என்றவள் ரமா. சரோஜினி நகர் அரசாங்கக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த நம் வகுப்புத் தோழி. தமிழ் பேசுவாள், நான்கு சொல்லுக்கு ஒன்று இந்தியாக இருக்கும். தமிழ் எழுத்தைக் காட்டினால் ஓடிவிடுவாள். "சனிக்கிழமை போவோம், ஞாயித்துக்கிழமை வாபஸ். கங்கையில போட்டோ எடுத்தா உங்கம்மாவும் குஷ் ஆயிடுவாடி" என்றாள். அண்ணனிடம் கெஞ்சி கேமராவும் வாங்கி வந்தாள். கையில் பணம் இல்லாத மூன்று பேர் போகிற பயணம் என்றால் எப்படி இருக்கும்? தர்மசாலையில் படுக்கை, ரமாவின் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலம். செலவு என்று செய்தது அந்த ஒரு ரோல் பிலிமுக்குத்தான்.

விடிந்தும் விடியாததுமாகக் காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தில் நின்றோம். மூடுபனியில் பக்கத்துப் பேருந்துகூடத் தெரியவில்லை. பிலிமை யார் போடுவது என்று பேச்சு வந்தது. "கடையிலயே போட்டுக் குடுன்னு கேட்டிருக்கலாம்" என்று ரமா முணுமுணுத்தாள். நீ கேமராவைப் பிடுங்கிக்கொண்டாய். "என்ர மாமா ஸ்டூடியோ வச்சிருக்கிறார். எனக்குத் தெரியாத கமராவோ?" குளிரில் உன் விரல் விறைத்திருந்தது. கையுறையைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, ரோலைப் போட்டு, மூடியை அடித்துச் சாத்தினாய். "பாத்தியளோ, முடிஞ்சுது." நாங்கள் நம்பினோம். அவ்வளவு நிச்சயமாக நீ சொன்னால் எதைத்தான் நம்பமாட்டோம்?

ஹரித்துவாரில் தர்மசாலை மேலாளர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "அகேலி லட்கியான்?" தனியாக வந்த பெண்களுக்கு அறை கிடையாது, குடும்பத்தோடு வா என்றார். ரமா வாதாடிப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். மனிதர் அசையவில்லை. வெளியே வந்ததும் நீ கேட்டாய், "ரமா, உங்கட அம்மா கோயிலுக்கு எண்டு ஒரு சாறி தந்து விட்டவ எல்லே?" டீக்கடைக்குப் பின்னால் போய், சல்வாருக்கு மேலேயே அந்தக் கத்தரிப்பூ நிறப் புடவையைச் சுற்றிக்கொண்டு, பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாய். நீதான் எங்களில் உயரம். அடுத்த தெரு தர்மசாலையில் ரமா உன்னை முன்னால் விட்டு "ஏ மேரி பாபி ஹை" என்றாள், இவள் என் அண்ணி. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சும்மா நின்றாய். அறை கிடைத்துவிட்டது. கதவைச் சாத்தியதும் மூவரும் கட்டிலில் விழுந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

ஊரை விட்டுக் கிளம்பும்வரை அண்ணியாகவே இரு, மேலாளர் எங்கேயாவது பார்த்துவிடுவார் என்று ரமா பயமுறுத்தினாள். அதனால் இரண்டு நாளும் நீ அதே புடவையில். மேலே என் பச்சை ஸ்வெட்டர், சரோஜினி நகர் சந்தையில் குவித்துப் போட்டு விற்றது, ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. படம் முழுக்க எங்களைத்தான் எடுத்தாய். தொங்கு பாலத்தில் குரங்குக்குப் பயந்து ரமா என் பின்னால் ஒளிந்தது. மசாலா தடவிய கொய்யாவை நான் கடித்தது. கடைத்தெருவில் பித்தளை மணிகளுக்கு நடுவே இருவரும். "அசையாதேங்கோ, அசையாதேங்கோ" என்று நீ போட்ட கூச்சலில் தெருவே அசையாமல் நின்றது. உன்னை எடுக்கக் கேட்டபோதெல்லாம் "கடைசியில பாப்பம்" என்று தள்ளிப்போட்டாய். கண் மூடிக்கொள்ளுமோ என்ற பயம். பயமா என்று கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்கமாட்டாய்.

ஞாயிறு மத்தியானம் எண்ணி வைத்திருந்த முப்பத்தாறும் முடிந்தது. உனக்கு ஒன்றுகூட இல்லை. உன் முகம் விழுந்துவிட்டது. பிலிமை நகர்த்தும் நெம்புகோலைச் சும்மா தள்ளிப் பார்த்தாய். அது போனது. இன்னொரு தரம் தள்ளினாய். மறுபடியும் போனது. "அரே, இன்னும் வருதுடி!" என்று ரமா குதித்தாள். கடைக்காரன் ஏமாந்து பிலிமை நீளமாக வெட்டிப் போட்டுவிட்டான் என்று முடிவு கட்டினோம். அடித்தது யோகம்! ஓசியில் கிடைக்கிறது என்றால் எங்களைப் போன்றவர்களுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்? தள்ளத் தள்ள வந்தது, நாங்களும் எடுத்துத் தள்ளினோம். முப்பத்தாறுக்கு மேல் ஒரு பிலிம் ஓடுமா என்று கேட்கும் புத்தி மூன்று பட்டப்படிப்புக்காரிகளில் ஒருத்திக்கும் இல்லை.

அந்த ஓசியில்தான் உன் முறை வந்தது. கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் படித்துறையில் இறங்கினாய். நீரோட்டம் இழுக்காமல் பிடித்துக்கொள்ள அங்கே இரும்புச் சங்கிலி தொங்கும். ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு நின்று, "அம்மாவுக்கு இது. வடிவா எடு. நான் கண்ணைப் பூட்ட முதல் அமத்து" என்றாய். இமைகள் அப்போதே துடிக்க ஆரம்பித்துவிட்டன. நான் எண்ணினால் நீ மூடிக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால் எண்ணவில்லை. "ஏய், கால் நனையலேன்னா கங்கைக்கு வந்த மாதிரியே இல்லலா" என்று சொன்னேன். நீ புடவையைத் தூக்கிப் பிடித்து ஒரு காலைத் தண்ணீருக்குள் விட்டாய். பனி உருகி வருகிற தண்ணீர். "ஐயோ அம்மா!" என்று நீ கத்திச் சிரித்தாய். நான் அமுக்கினேன்.

டெல்லி வந்து, பிலிமை நாமே கழற்றினால் கெட்டுவிடும் என்று பத்திரமாகக் கேமராவோடு சரோஜினி நகர் கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் சுற்றிப் பார்த்தார், திறந்தார். ரோலின் நாக்கு சக்கரத்தில் மாட்டவே இல்லை. போட்ட இடத்தில் போட்டபடி சுருண்டு கிடந்தது. "பிலிம் ஓடவே இல்லையே, மகளே" என்றார் இந்தியில். நாங்கள் அழப்போகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, அது புது ரோல் மாதிரிதான், வீணாகவில்லை என்று அவசரமாகச் சொன்னார்.

முதலில் சிரித்தவள் நீதான். "மாமாட்டச் சொல்லிப் போடாதையுங்கோ" என்றாய். பிறகு ரோலை டப்பியில் போட்டு என் கையில் திணித்தாய். "வச்சிரு. வாற குளிருக்கும் அங்கதான் போறம். அதே சாறி, அதே இடம், அதே தண்ணி." விடுதிக்கு நடந்து வரும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு மெல்லக் கேட்டாய்: "உண்மையாச் சொல்லு. நான் கண்ணைப் பூட்டினனானோ?"

"பூட்டல" என்றேன்.

"பொய்."

"சத்தியமா பூட்டலடி."

அந்தக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன நீ திரும்பி வரவில்லை. உன் கட்டில் காலியாகவே இருந்தது. நாங்கள் பட்டம் வாங்கி நின்ற படத்திலும் நீ இல்லை. உயிரோடு இருக்கிறாயா என்றுகூட வெகுகாலம் தெரியாது. கனடாவிலிருந்து உன் குரல் முதன்முதலாகக் கேட்டபோது நமக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. "பசியாறிட்டியே?" என்றுதான் ஆரம்பித்தாய். ஓவென்று அழுதேன். அம்மாவைப் பற்றிக் கேட்டேன். போரில் இடம்பெயர்ந்த இடத்தில் இறந்துவிட்டார் என்றாய். படம் கடைசிவரை அனுப்பவே இல்லை என்றாய். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றி நாம் பேசியதில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ மறக்கவில்லை. இன்று காலை, இந்தக் காலி ரோலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. படம் இருக்கிறது என்றா நீ பிள்ளையிடம் சொன்னாய்? அவளிட்டத்தான் இருக்கு என்றாய். நீ கேமராவுக்கு முன்னால் நின்றவள், உன் முகத்தை நீ பார்க்கவில்லை. உன் அம்மாவும் பார்க்காமலே போய்விட்டார். ரமா கரையில் செருப்புகளுக்குக் காவலாக முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தச் சின்னக் கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தது நான் ஒருத்திதான். நானும் போய்விட்டால் யாரிடமும் இல்லை.

உன் மகளைக் கூப்பிட்டேன். பிலிம் ஓடாத கதையை ஒளிக்காமல் சொன்னேன். "கழுவிப் பாத்தா ஏதாவது வராதோ அன்ரி?" என்று கேட்டாள். "வராது பிள்ளை, அதில் ஒன்றும் இல்லை" என்றேன். மலரில் படத்துக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பதாகவும், அதை வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகவும் கடைசியில் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லாதே, அந்தப் பக்கத்துக்கு நான் எழுதித் தருகிறேன் என்றேன். பிறகு போனிலேயே அவளுக்குச் சொன்னேன். பின்னால் ஆறு, வெயில் விழுந்து பச்சையாக. அம்மாவின் இடது கை சங்கிலியில், வலது கையில் கத்தரிப்பூப் புடவையின் கொசுவம். ஸ்வெட்டரின் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பெரிய பொட்டு கொஞ்சம் கலைந்திருக்கிறது. தண்ணீரில் ஒரு கால். வாய் முழுக்கச் சிரிப்பு, மேல் பல் வரிசையில் ஒன்று லேசாக ஏறியிருக்கும், அது தெரிகிறது.

அவள் மூச்சுவிடுவது கேட்டது. "கண்?" என்றாள்.

"நல்லாத் திறந்திருக்கு, பிள்ளை. என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்."