பெரிய கோப்பித் துணி

இயேசு மரி சூசை துணை

கீரி, மன்னார்.
ஆவணி, புதன்கிழமை.

அன்பு மகள் பெற்றிசியாவுக்கு,

மாதாவின் காவலில் அம்மா நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயும் மருமகன் கிறகரியும் அந்தக் குளிர் தேசத்தில் நோய்நொடியின்றி இருக்க வேண்டும் என்பதே காலையும் மாலையும் என் மன்றாட்டு. எனக்குச் சுகம் என்று எழுத மட்டும் இம்முறை கை வரவில்லை. இக்கடிதத்தை இங்குள்ள தபாற்கந்தோரில் போடவில்லை. கொழும்புக்குப் போகும் கிறேஸ் சிஸ்டர் தன் செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போய் அங்கே போடுவார். வாசித்ததும் எரித்துவிடு.

துணியில் வடித்தாலும் கோப்பி ஏன் கசக்கிறது என்று கேட்டிருந்தாய். கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றுகிறாய், வேறென்ன. கேத்தலை இறக்கிவைத்து ஓர் அருள் நிறைந்த மரியே செபம் சொல்லி முடித்தபின் ஊற்று. முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் விடு, அது பொங்கி அடங்கட்டும், பிறகு நடுவில் மெல்ல விடு. பொறுமையில்லாமல் துணியைப் பிழியாதே, மண்டி இறங்கும். சவர்க்காரம் காட்டாமல் பச்சைத் தண்ணீரில் அலசி உடனே வெளியில் வெயிலில் போடு, வீட்டுக்குள் உலர்த்தினால் புளித்த மணம் பிடிக்கும். இவ்வளவு காலமும் இதில் நான் ஒரு நாளும் தவறவில்லை. அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

அப்பாவின் ஞானமகன் பஸ்ரியனை உனக்குத் தெரியும், பின்வளவு றஞ்சிதத்தின் புருஷன், உன் கலியாணத்துக்குப் பாரை மீன் கொண்டுவந்து குவித்தவன். போன மாதம் வீதியில் ஆமி வண்டியடியில் வெடி வெடித்த நேரம் அவன் கடலில் நின்றான். ஆனாலும் யாரோ அவன் பெயரையும் ஆமியிடம் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொல்லப்பட்டுப் பிடிபட்டவர்களில் ஒருவரும் இன்னும் வீடு திரும்பவில்லை. ஒரு விடியற்காலை ஈரச் சாரத்தோடு என் குசினி வாசலில் வந்து நின்றான். ஞானஸ்நானத் தொட்டியடியில் அவனைக் கையில் ஏந்தி நின்றவர் உன் அப்பா, நான் எப்படிக் கதவைச் சாத்துவேன்? பின்னறையில் அலுமாரிக்குப் பின்னால் பாய் போட்டுக் கொடுத்தேன். றஞ்சிதத்துக்குச் சொல்லவில்லை. மனதில் உள்ளதெல்லாம் முகத்தில் எழுதியிருக்கும் பெண் அவள், ஆமி முதலில் பார்ப்பதும் அந்த முகத்தைத்தான்.

என் சின்னத் துணி ஓர் ஆளுக்குத்தான் காணும், இரண்டு பேருக்கு ஊற்றினால் விளிம்பால் தூள் வழியும். எனக்குக் கோப்பி வேண்டாம் மாமி, சுடுதண்ணி போதும் என்றுதான் பஸ்ரியன் சொன்னான். என் வீட்டில் இருக்கிறவன் சுடுதண்ணீர் குடிப்பதா என்று, அப்பா செத்த முப்பத்தோராம் நாள் வந்த சனத்துக்கென்று தைத்த பெரிய துணியை எடுத்தேன். வடித்தபின் அலசி, பழக்கத்தில் முற்றத்துக் கொடியில் போட்டேன். அன்றே ஆமிக்காரர் ரோந்து வந்தார்கள். அதில் ஒருவன் துவக்குக் குழல் நுனியால் அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்தான். எங்கட அம்மாவும் இப்பிடித்தான் கோப்பி, சின்னது ஒரு ஆள், பெரிசு கன ஆள், அம்மா தனிதானே, என்று உடைந்த தமிழில் சொன்னான். அந்தோனியார் நவநாள், ஒன்பது நாளும் ஊர்ச்சனம் செபத்துக்கு வருகுது என்று வாய் சொல்லிவிட்டது. சிரித்தான். அப்ப நாங்களும் ஒரு நாள் வாறது, குடிக்கிறது, என்று சொல்லிப் போனான்.

சொன்ன பொய்யை உண்மையாக்க அன்று பின்னேரமே வீடு வீடாய்ப் போய் அழைத்தேன். உன் அம்மாவைப் பற்றித் தெரியும்தானே, இந்தப் படலைக்குள் சனம் வந்து எத்தனை வருஷம். நம் ஊர்ப் பகிடிக்காரர் யாகப்பர் கதிரையில் வந்து இருக்கும்போதே, மாமி வீட்டுக் கதவு திறந்திட்டுது, அந்தோனியார் முதற் புதுமையைச் செய்துபோட்டார், என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். றஞ்சிதமும் வந்தாள். காணாமற்போன தன் புருஷனைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி முழந்தாளில் நின்று அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் படுத்திருந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிள்ளை, ஒவ்வொரு பின்னேரமும் அந்தச் செபத்தைக் கேட்டுக்கொண்டு நான் கோப்பி ஊற்றினேன்.

நேற்று அந்த ஆமிக்காரன் சொன்னபடி வந்தான். வாசலில் நின்று கோப்பி வாங்கிக் குடித்தபடி வந்திருந்தவர்களை எண்ணினான். அந்த நேரம் பார்த்துப் பின்னறையில் ஓர் இருமல். அவன் தலை திரும்பியது. கோவிலில் பக்கத்து வாங்கிலில் இருப்பவருக்கும் கேளாத குரல் றஞ்சிதத்துக்கு, அவள் திடீரென்று அடுத்த அருள் நிறைந்த மரியேயைக் கூவித் தொடங்கினாள், எல்லாரும் அள்ளுப்பட்டுக் கூடச் சொன்னார்கள். அவன் சற்று நின்றான், பிறகு கோப்பையை வைத்துவிட்டுப் போனான். துக்கத்தில் கத்துகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். சனம் போனபின் கோப்பை கழுவக் குசினிக்கு வந்தவள் என்னைப் பார்க்காமலே, மிச்சத்தை ஊத்திப்போடாதேங்கோ மாமி, அவருக்குச் சீனி கூடப் போடவேணும், நீங்கள் போடமாட்டியள், என்றாள். என் வீட்டில் பனங்கட்டி கடித்துத்தான் குடிப்பது, கோப்பைக்குள் சீனி விழுந்ததே இல்லை. நேற்று நானே கரண்டி நிறையப் போட்டுக் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்துவிட்டு, றஞ்சிதத்துக்குச் சொல்லிட்டியளோ மாமி, என்று கேட்டான். நான் சொல்லவில்லை என்றேன். அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

இனி எனக்கு இரட்டைப் பயம், அவளுக்கும் தெரிந்துவிட்டது. இன்று காலை கிணற்றடியில் றஞ்சிதத்தைக் கண்டேன், அந்த முகத்தில் ஒன்றும் இல்லை, சாத்திய கதவு போல் இருந்தது. அதைப் பார்த்தும் பயமாக இருந்தது. சோளகக் காற்று அடங்கினால்தான் அவனைக் கடலுக்கு அக்கரை சேர்க்க வள்ளம் இறங்கும், நேற்றும் கடல் இரைந்துகொண்டேயிருந்தது. அந்தோனியார் நவநாள் வெள்ளிக்கிழமை முடிகிறது. அன்றே சூசையப்பருக்கு ஒன்று தொடங்குவதாகச் சொல்லப்போகிறேன், யாகப்பர் என்ன பகிடி விட்டாலும் விடட்டும். உங்கள் வீட்டிலும் காற்று அடங்க ஒரு செபமாலை சொல்லுங்கள்.

ஆண்டவர் உன்னையும் மருமகனையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. குளிருக்குக் காதை மூடு. துணியை மறக்காமல் வெளியில் உலர்த்து மகள், அங்கே அதைப் பார்த்து ஆள் எண்ண ஒருவரும் இல்லை.

உன் அன்பு அம்மா,
எடித் அமிர்தநாயகம்