பிரிட்ஜில் என் பால்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. பிள்ளைத் துணி ஒன்றும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டதில் எல்லாத் துணியிலும் புகையும் கருவாடும். என் மகளைத் தூக்கி முகர்ந்தால் அவளும் கருவாடு.

காலையில் பால் பம்ப் வைத்தது நன்றாக வந்தது. வலது பக்கம் தாராளம். இடது பக்கம் சோம்பேறி. காம்பு வெடிப்பு ஆறவில்லை. தேங்காய் எண்ணெய்.

பாப்பாவுக்கு மார்பைப் பிடிக்க வரவில்லை. நாள் முந்திப் பிறந்தவள், வாய் சின்னது. ஆஸ்பத்திரியில் நர்சுகள் தலையைப் பிடித்து அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள், அவளும் அழுதாள், நானும் அழுதேன். கறந்து போத்தலில் கொடுத்தால் குடிக்கிறாள். எனக்கு அது போதும். மாமியாருக்குப் போதாது. "மாட்டுக்கு மிசின் மாட்டுன மாதிரி" என்று தினம் ஒரு தடவை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மாமியார் என்று இனி முழுசாக எழுதப் போவதில்லை. மா. போதும். மை மிச்சம்.

பம்ப் அம்மா குவைத்திலிருந்து பார்சலில் அனுப்பியது. அம்மா அங்கே ஒரு வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கிறார். ஆகவே பிரசவத்துக்குப் போக எனக்கு ஒரு வீடு இல்லை. என் புருசனுடைய தங்கச்சி ரேணுகாவுக்கு இருந்தது. இதே வீடு. எனக்கு இரண்டு வாரம் முந்திப் பெற்றாள், ஆண் பிள்ளை. ஒரே கூரைக்கடியில் பச்சை உடம்புக்காரிகள் இரண்டு பேர். அறை இரண்டுதான். முன் காம்பரா அவளுக்கு. ஒழுகுகிற பின் காம்பரா எனக்கு.

ரேணுகாவுக்குப் பால் சரியாக ஊறவில்லை. மா. முதல் வாரமே பால் மாவு டின் வாங்கி வைத்துவிட்டார். அதை வெளியில் சொல்லக்கூடாது, குடும்ப மானம்.

சாயங்காலம் இரண்டு பிள்ளைகளையும் ஒரே பாயில் கிடத்தி மா. பேச்சு: "எம் பேரனுக்குப் பொண்ணு தேடி எங்கயும் அலைய வேணாம். அத்த மவன், மாமன் மவ. சாமியே ஊட்டுக்குள்ள அனுப்பிட்டாரு."

என் மகளுக்குக் கழுத்தே நிற்கவில்லை. அதற்குள் தாலி.

ஜூன் 4, புதன்

கரன்ட் போய்ப் போய் வந்தது.

காலையில் கறந்து பிரிட்ஜில் வைத்தது இரண்டு போத்தல். குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஒன்றுமில்லை.

"கரன்ட் போச்சுல்ல புள்ள. பாலு திரிஞ்சிருச்சு. காலுல மிதிபடக் கூடாதுன்னு ரோஸ் மூட்டுல ஊத்திட்டேன்."

"கொஞ்ச நேரந்தானே போச்சு மாமி. மோந்து பாத்தீங்களா?"

"பால மோந்து பாக்க நீ எனக்குச் சொல்லித் தரியா?"

கறந்த பால் மிதிபட்டால் மார் வற்றிப் போகும் என்பது இங்கே எல்லாரும் சொல்வதுதான். அதனால் செடி மூட்டில் ஊற்றியதைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. ஆனால் இதே கதை போன வாரமும் நடந்தது. அதற்கு முந்தியும். இந்த வீட்டு ரோஸ் இந்நேரம் கூரையைத் தொட்டிருக்க வேண்டும்.

பாப்பா பசியில் கத்தினாள். ஏற்கனவே காலியான மார்பில் பம்ப் வைத்து இழுத்ததில் போத்தலின் அடி மட்டும் நனைந்தது. வலியில் பல்லைக் கடித்தேன். அழுகை வரவில்லை. யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போல் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஓட்டோ ஓட்டிவிட்டு வந்ததும் சொன்னேன். "அம்மா வேணும்னேயா செய்வாங்க?" என்றார். சோறு சாப்பிட்டார். தூங்கினார்.

வாங்க வேண்டியது: போத்தல் கழுவும் பிரஷ், கிரைப் வோட்டர், பெருங்காயம்.

ஜூன் 6, வெள்ளி

கிளினிக். பிள்ளை மடுவத்தில். அதாவது தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம், அங்கேதான் தராசு. மழையில் குடை பிடித்து இரண்டு பிள்ளைகளையும் கொண்டு போனோம். மா. பேரனைத் தன் நெஞ்சோடு. பேத்திக்கு நானிருக்கிறேனே.

சிங்களத்தையும் தமிழையும் கலந்து பேசுகிற மிட்வைஃப் மிஸ் முதலில் ரேணுகாவின் பொடியனை நிறுத்தார். "ஹொந்தய், ஹொந்தய். நல்லா வெயிட் கூடியிருக்கு. அம்மா பால் மட்டுந்தானே?"

"அம்மா பாலு மட்டுந்தான் மிஸ். வேற ஒண்ணும் தொடறதில்ல." மா.வுக்கு வாய் கூசவில்லை. ரேணுகா தரையைப் பார்த்தாள். மிஸ் அவள் தோளில் தட்டிக் கொடுத்தார்.

அடுத்து என் மகள். முள் ஆடி நின்றது. மிஸ் கார்டைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேக மதி நே. கூடவே இல்ல. கிரி மதித? பால் பத்தலையா உங்களுக்கு?"

வரிசையில் நின்ற அத்தனை பெண்களுக்கும் கேட்டது.

"பத்துது மிஸ். நல்லா வருது."

"வந்தா பிள்ள ஏன் இப்பிடி? அடுத்த தடவையும் இப்பிடின்னா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவேன்."

"அதத்தான் மிஸ் நானும் சொல்றேன்," என்றார் மா. "மிசின்ல கறந்தா எங்க பத்தும்? டின்னு குடுக்கச் சொல்லுங்க."

வரும் வழியெல்லாம் பேசவில்லை. பேசியிருந்தால் குடையாலேயே குத்தியிருப்பேன். என் பிள்ளை காய்ந்து போகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் முழுக்கக் கோபமாகவே வருகிறது.

ஜூன் 7, சனி

மழை விட்டது. துணி பாதி காய்ந்தது.

மா. விறகு பொறுக்கப் போன நேரம் அலமாரியிலிருந்து அந்த டின்னை எடுத்தேன். என் மகளுக்கும் அதைத்தான் கரைக்க வேண்டுமோ என்று பார்க்கத்தான். சத்தியமாக வேறு நினைப்பில்லை. மூடியைத் திறந்தேன். மாவு ஈரம் வாங்கி மேலெல்லாம் பாறையாகக் கட்டிப் போயிருக்கிறது. கரண்டி அதற்குள் புதைந்து நிற்கிறது. தினம் கரைக்கிற மாவு கட்டி பிடிக்குமா?

ஆக அந்தப் பொடியன் எதைக் குடித்து அப்படிக் கூடினான்?

அடுப்புக்கு மேலே கயிற்றில் இரண்டு பிள்ளைகளின் துணியும். கறை இரண்டிலும் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையின் அதே மஞ்சள். இத்தனை நாள் துவைத்தும் இது என் மண்டைக்கு ஏறவில்லை.

அவரிடம் கேட்டேன். ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, "என் தங்கச்சி புள்ளதானே. வேற யாருக்குமா குடுத்தாங்க?"

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"அம்மா சொல்ல வேணாம்னாங்க. ஒனக்குத்தான் நெறைய வருதே."

"நம்ம புள்ள நேத்து தராசுல ஏறல."

துணியைப் பிழிந்தார். மறுபடி துடைத்தார். முன் கண்ணாடி பளபளவென்று இருக்கிறது, ஊரே முகம் பார்க்கலாம்.

மிஸ் கேட்டபோது இந்த மனுசன் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? துணி பிழிந்துகொண்டு நின்றிருப்பார். அதை நினைக்க நினைக்க ஆறவில்லை.

இனி கறந்ததை பிரிட்ஜில் வைக்கப் பயம். வெளியே வைத்தால் கெடும். வேறு யார் வீட்டு பிரிட்ஜைக் கேட்பது?

ஜூன் 8, ஞாயிறு

அம்மா வீடியோவில் வந்தார். எல்லாம் சொன்னேன். "அனுசரிச்சுப் போம்மா. ஒரு புள்ளைக்குப் பாலு குடுக்குறது புண்ணியம்ல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்மா. கேக்கல. எடுத்துட்டு, எனக்குப் பாலு இல்லன்னு ஊருக்கே சொல்றாங்க."

அம்மா பின்னால் ஏதோ ஒரு பிள்ளை அரபியில் அழுதது. அம்மா எழுந்து போய்விட்டார். அவர் மேலும் கோபம் வந்தது. அது நியாயமில்லை. வந்தது.

ரேணுகாவைக் கிணற்றடியில் பிடித்தேன்.

"ஒனக்குத் தெரியும்தானே?"

"அண்ணி..." அவ்வளவுதான். பிறகு, "எம் மாமியா வர்ற போயா லீவுக்கு வர்றாங்க. பாலு இல்லன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. அம்மாதான் இப்புடி செய்யலாம்னாங்க."

பாவமாகத்தான் இருந்தது. அதையும் காட்டிக்கொள்ளவில்லை.

மத்தியானம் மா. தொட்டிலை ஆட்டிக்கொண்டு மாப்பிள்ளை, பொண்ணு என்று கொஞ்சினார். கேட்டுக்கொண்டே பம்ப் பிடித்தேன். அப்போதுதான் மண்டையில் விழுந்தது. இந்த லயத்து வீடுகளில் யாருக்கு யார் முறை என்று தீர்ப்புச் சொல்கிற பெரிய கோர்ட் மா.தான். போன வருசம் பக்கத்து லயத்துப் பெண்ணின் கல்யாணப் பேச்சையே அண்ணன் தங்கச்சி முறை வருகிறது என்று சொல்லி நிறுத்தினார். ஒரே தாய்ப்பால் குடித்த இரண்டு பிள்ளைகளுக்கு என்ன முறை? கோர்ட்டுக்கு இது தோன்றவே இல்லை. பால் என்னுடையது, அதனால் அது கணக்கில் வரவில்லை.

சொல்லலாமா? சொன்னால் இந்த வீட்டில் எனக்கு இருப்பு இருக்காது. சொல்லாவிட்டால் என் பிள்ளைக்குப் பால் இருக்காது.

ஜூன் 9, திங்கள்

வேறு வழியில்லாமல் பிரிட்ஜில் வைத்ததில் ஒரு போத்தல் காணோம். இன்று கரன்ட் போகவே இல்லை. மா. காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை.

சொல்லத்தான் போகிறேன்.

ஜூன் 10, செவ்வாய், போயா பௌர்ணமி

யட்டியாந்தோட்டை பஸாரெல்லாம் வெள்ளைக் கொடி, தன்சல் என்கிற அன்னதானப் பந்தல். அவர் கடலை தன்சலுக்கு உதவப் போய் பத்து மணிக்குத் திரும்பினார். கஹவத்தையிலிருந்து ரேணுகாவின் புருசனும் மாமியாரும் வந்தார்கள். வாழைப்பழம், பவுடர், பொடியனுக்குச் சட்டைகள். என் மகளுக்கும் ஒரு கவுன், அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

இஸ்தோப்புத் திண்ணையில் பாய் விரித்து எல்லாரும். நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

"பாலெல்லாம் எப்புடி?" என்றார் கஹவத்தை அம்மா.

"அத ஏன் கேக்குறீங்க சம்பந்தி. எம் மவளுக்கு ஊத்துதுங்க. பாவம், மருமவளுக்குத்தான் பத்தல. இது நோஞ்சானாப் போச்சு." சொல்லிக்கொண்டே என் மகளைத் தூக்கிப் பொடியன் பக்கத்தில் தொட்டிலில் போட்டார். "என்னா இருந்தாலும் நம்ம பொண்ணு. பாருங்க, சோடிப் பொருத்தத்த."

தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்தேன்.

"ஒரே தொட்டில்ல போடுங்க மாமி, தப்பில்ல. அண்ணன் தங்கச்சிதானே."

"என்னா ஒளர்ற?"

"ரெண்டும் எம் பாலுதானே குடிக்குது. ஒரு தாய்ப்பாலு குடிச்ச புள்ளைங்களுக்கு எப்புடிங்க தாலி கட்டுறது? முறை நீங்கதானே சொல்லுவீங்க."

அவர் போனை எடுத்துப் பார்த்தார், அதில் என்ன இருந்ததோ.

"பொய்யி," என்றார் மா. "எம் பேரன் எம் மவ பாலத் தவிர ஒரு சொட்டு வேற குடிக்கல. சாமி சத்தியமா."

அந்த நேரம் பார்த்துப் பொடியன் எழுந்தான். விருந்தாளி வந்த சந்தடியில் அவனுக்கு யாரும் போத்தல் கொடுக்கவில்லை. முகம் சிவக்கக் கத்தினான். கஹவத்தை அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "அதான் பாலு இருக்கே. எடுத்துக் குடு ரேணுகா."

ரேணுகா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து மார்பில் போட்டாள். சப்பினான், விட்டான், கத்தினான். மறுபடி சப்பினான், கத்தினான். அவள் முதுகு குலுங்கியது.

என் சட்டை நனைந்தது. அவன் அழுகைக்கு என் மார் இரண்டும் தானாகச் சுரந்து ஊற்றியது, சோம்பேறி இடது பக்கமும் சேர்த்து. அத்தனை பேருக்கும் முன்னால். இந்த உடம்புக்கு மானமும் இல்லை, பகையும் தெரியவில்லை. எனக்கு அதன் மேலும் ஆத்திரம்.

உள்ளே போய் பிரிட்ஜிலிருந்த போத்தலை எடுத்துச் சுடுதண்ணியில் வைத்துக் கொண்டு வந்தேன். நடுவில் நின்று நீட்டினேன்.

"இந்தாங்க. இன்னைக்கு எல்லாரும் பாக்கக் குடுங்க."

"யாருக்கு வேணும் ஒம் பாலு?" என்றார் மா.

"எனக்கு வேணும்மா." ரேணுகா திரும்பிக் கை நீட்டினாள். முகமெல்லாம் கண்ணீர். "புள்ளைக்கு இப்ப பசிக்குது. கல்யாணத்த அவங்க பெருசானதும் பாத்துக்கிடலாம்."

வாங்கினாள். கொடுத்தாள். அவன் கண்ணை மூடிக் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கஹவத்தை அம்மா ஆறிப் போன தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "அப்ப பேரனுக்கு வேற எடத்துலதான் பொண்ணு பாக்கணும்," என்றார். பிறகு மருமகளிடம், "பாலு இல்லன்னா இல்லன்னு சொல்லேன். எனக்குந்தான் மூத்தவனுக்கு வரல." ரேணுகா அதற்கும் அழுதாள்.

அவர்கள் பஸ்ஸுக்குப் போனதும் ரேணுகாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் பாப்பாவுக்கு. மிஞ்சினால் அவனுக்கு, நீயே வந்து கேள். நாளையிலிருந்து பம்பை நீயும் வை, ஊறுகிறதா பார்ப்போம். அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸிடம் உண்மையை நீ சொல்கிறாய், நான் இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அவர் போத்தல்களைக் கழுவி வைத்தார், சொல்லாமலே. கழுவட்டும். எனக்கு ஒன்றும் ஆறிப் போகவில்லை.

மா. என்னோடு பேசவில்லை. சட்டி பானைகளோடு பேசிக்கொண்டிருக்கிறார். பாப்பா வயிறு நிறையக் குடித்தாள், ஏப்பம் விட்டாள்.

தொட்டிலில் அண்ணனும் தங்கச்சியும் தூங்குகிறார்கள்.